முச்சுழியின் எடை

வடக்கே முகத்துவாரம், தெற்கே உப்பளம், மேற்கே பேருந்து வந்து திரும்பிப் போகும் ஒற்றைப் புளியமரம், கிழக்கே எதுவென்று சொல்லத் தேவையில்லை, இந்த நான்குக்கும் நடுவே அடங்கிக் கிடக்கும் சுழிமுனைக்குப்பத்தில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பால்காரன் மணி அடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், தையல்காரி தில்லைக்கரசியின் மேசை கால் முறிந்து உட்கார்ந்தது. மேலிருந்த தையல் மெஷின் ஒருக்களித்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டது. இழுப்பறை நிற்கவில்லை. அதன் அடிப்பலகை பிளந்து, உள்ளே இருந்த ஒரு துண்டு எக்ஸ்ரே பிலிம் சிமெண்டுத் தரையில் விழுந்து, தரையை ஒரு விரற்கடை அமுக்கிக்கொண்டு உள்ளே பதிந்தது. வெற்றிலை கனம்கூட இல்லாத பிலிம். தில்லைக்கரசி நகத்தால் நெம்பினாள், கத்தரிக்கோலால் நெம்பினாள், அம்மிக் குழவியை முட்டுக்கொடுத்துக் கடப்பாரையால் நெம்பினாள், அது அசையவில்லை. அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பதினாறு நாளாக நெஞ்சில் கிடந்தது இப்போது தரையில் கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். பழைய சேலை ஒன்றை மடித்து அதன்மேல் போட்டு, சேலையின்மேல் தவிட்டுப் பானையை வைத்து, என்ன சத்தம் என்று கேட்ட புருஷன் கஜேந்திரனிடம் மேசை செல்லரித்துப் போயிருந்தது என்றாள்.

முச்சுழி என்றால் என்னவென்று குப்பத்தில் பிறந்த குழந்தைக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நடுவே ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து மூன்று சுழிகள் புறப்பட்டு ஒரே பக்கமாக வளையும், அவ்வளவுதான் கோலம். அலைகாத்தாள் அம்மன் பொங்கிய கடலை மூன்று விரலால் தொட்டு அடக்கினாள், அந்த விரல் பட்ட இடம் அது என்பார்கள். அம்மன் கோயில் தூணில் அதைக் கொத்தியது யார், எந்தக் காலம் என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்டால் கடலுக்கு எத்தனை வயது என்று திருப்பிக் கேட்பார்கள். படகு மூக்கில் பக்கத்துக்கு ஒன்று, வாசல் கதவில் ஒன்று, தொட்டில் சேலையில் ஒன்று, மீன்கூடை மூடியில் ஒன்று என்று ஊர் முழுக்க அதுதான். அதற்கு இரண்டு முறைமைகள் உண்டு. புயலடித்துக் குப்பத்து மக்கள் வேறு யார் வீட்டிலாவது தங்க நேர்ந்தால், திரும்பும்போது அந்த வீட்டுக் கதவில் முச்சுழி போட்டுவிட்டுத்தான் வருவார்கள், இது இனி எங்கள் வீடு, இதற்கு ஒன்று வந்தால் நாங்கள் வருவோம் என்று பொருள். படகுக்காரன் செத்துப்போனால், அவன் பெண்டாட்டி ஈரத்துணியால் படகு மூக்கிலிருக்கும் முச்சுழியைத் துடைப்பாள். துடைத்த படகு கரையிலேயே கிடக்கும். முச்சுழி இல்லாத படகில் ஏறுகிறவன் செத்தவன் என்பது குப்பத்தின் தீர்ப்பு, அதற்கு அப்பீல் கிடையாது.

இந்தக் கோலத்தைத்தான் கரைக் காவல் படை என்று பெயர் வைத்துக்கொண்டு கிளம்பிய சில பேர் மஞ்சள் துணியில் கறுப்பாகப் போட்டுக் கொடியாக்கினார்கள். கரை கரையில் பிறந்தவனுக்கே, பிழைக்க வந்தவன் பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும் என்பது அவர்களுடைய வேதம். பிழைக்க வந்தவர்கள் என்றால் தெற்கே உப்பளத்தெருவில் பதினொரு குடிசைகளில் இருந்தவர்கள், வெயிலில் உப்பு வாரி உள்ளங்கால் வெடித்தவர்கள். அவர்கள் போகவில்லை. ஒரு நாள் அந்தப் பதினொரு கதவிலும் கறுப்பு மையில் ஒரு முழ அகலத்துக்கு முச்சுழி விழுந்தது, அன்று இரவே பதினொரு கூரையும் எரிந்தன, ஏழு பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களைக் கொண்டுவந்து குப்பத்தின் வடகோடியில் இருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வைத்தார்கள். யாரோ வெளியூர்க்காரர்கள் என்று போலீசும் எழுதியது, யாரோ வெளியூர்க்காரர்கள் என்று குப்பமும் சொன்னது. குப்பத்துப் பெண்கள் தினம் ஒரு வீடு என்று முறை வைத்துச் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் ஒருவரும் வாங்கியவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இல்லை என்பது தில்லைக்கரசிக்குத் தெரியும். எரிவதற்கு மூன்று நாள் முன்னால், கஜேந்திரனின் தம்பி அமிர்தலிங்கம் அவள் கடைக்கு வந்து, முச்சுழிக்கு ஒரு அச்சு வெட்டித் தர வேண்டும் என்றான். திருவிழாக் கொடிக்கா என்று கேட்டாள். கதவுக்கு, ஒரு முழம் இருக்கட்டும் அண்ணி, தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றான். அட்டை நனைந்தால் போய்விடும் என்று அவளே யோசித்து, இரண்டு வருஷம் முன்பு எஞ்சின்மேல் விழுந்து கஜேந்திரன் விலா ஒடித்துக்கொண்டபோது எடுத்த எக்ஸ்ரே பிலிமைத் தேடி எடுத்து, பிளேடால் பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தாள். ஓட்டை விழுந்த பிலிமை அவன் எடுத்துப் போனான். வெட்டியதில் விழுந்த முச்சுழி, புருஷனின் விலா எலும்புகள் வெள்ளையாக ஓடும் முச்சுழி, அவள் இழுப்பறையில் தங்கியது. யார் கதவுக்கு என்று அவள் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விடவில்லை, கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்று கேட்காமல் விட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சோறு பிசையும்போதும் ஊசி கோக்கும்போதும் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தில்லைக்கரசி வீட்டில் ஆரம்பித்தது, ஊர் விழிப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தொட்டில் கயிறுகள் அறுந்தன, குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சேலைதான் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வாசல் கதவுகள் கீல் பிய்ந்து விழுந்தன. விழாத கதவுகளைத் திறக்க நாலு ஆள் வேண்டியிருந்ததால் ஜனங்கள் கொல்லைப்புறமாகப் புழங்கத் தொடங்கினார்கள், முன்வாசலில் நின்று கூப்பிட்ட தபால்காரர் ஒவ்வொரு வீட்டையும் சுற்றிக்கொண்டு போய்த் தபால் கொடுத்துப் பழகினார். கோயில் தூண் ஒரு சாண் கீழே இறங்கியது. ஐம்பத்திரண்டு படகும் மூக்கை மணலில் புதைத்துக்கொண்டு பின்புறத்தைத் தூக்கி நின்றன. இருபது பேர் ஏலேலோ போட்டும் ஒன்றுகூட நகரவில்லை. ஏலக்கூடத்து எடை மெஷினில் ஒரு அட்டைத் துண்டை வைத்துச் சாக்பீசால் முச்சுழி போட்டார்கள், மூன்றாவது சுழி முடிந்த கணத்தில் முள் சுற்றி முந்நூற்று மூன்று கிலோவில் நின்றது. சின்னதாகப் போட்டாலும் முந்நூற்று மூன்று, மெஷின் தட்டு நிறையப் போட்டாலும் முந்நூற்று மூன்று. அழித்தால் முள் சமர்த்தாகத் திரும்பிவந்து பூஜ்யத்தில் உட்கார்ந்தது.

மனுஷன் எதற்கும் பழகிக்கொள்கிற பிறவி. ஒரு வாரத்துக்குள் குப்பம் அந்த எடையை வேலைக்கு வைத்துக்கொண்டது. டீக்கடை மாசிலாமணி செய்தித்தாள் பறக்காமலிருக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு முச்சுழி போட்டு வைத்தான், சாயங்காலம் ரப்பரால் அழித்துத் தாளை மடித்தான். ஆட்டைக் கட்ட முளை தேடாமல் பூவரச இலையில் நகத்தால் கீறிக் கயிற்று நுனியில் வைத்தார்கள். கருவாட்டுக் கூடைமேல் கரியால் போட்ட முச்சுழியை எந்தப் பூனையாலும் புரட்ட முடியவில்லை. மேலே எழுதிக் கேட்டதன்பேரில் ஒரு அதிகாரி வந்து பார்த்து, கடலோர மண் உள்வாங்குவதாக எழுதிக்கொண்டு, அவர் பேனா மூடியில் யாரோ பிள்ளை விளையாட்டாகக் கீறிவிட்ட முச்சுழியால் பேனாவை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பில் வைக்க மீனில்லாமல் பழைய கருவாட்டை எண்ணி எடுத்து வைத்தார்கள்.

ஏனென்றால் படகு போகவில்லை. முச்சுழியைத் துடைத்தால் படகு போகும், அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. துடைக்கிறவள் யார்? உயிரோடிருக்கிற புருஷனைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எந்தப் பெண் போய் ஈரத்துணியை எடுப்பாள்?

ஊர்ப் பஞ்சாயத்து மூன்று நாள் தொடர்ந்து கூடியது. ஊர்த்தலைவர் எல்லப்பன் நாட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார், அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கே தெரியாமலிருந்தது. எவனோ நாலு பேர் செய்த பாவத்துக்கு ஆதிகாலத்து அம்மன் குறியை அழிப்பதா, நம் ஆத்தாள் சேலையை ஒரு திருடன் எடுத்துக் கட்டிக்கொண்டான் என்பதற்காக ஆத்தாளையே வேண்டாம் என்போமா என்று ஒரு கூட்டம் கேட்டது. திருடன் கட்டிக் கழற்றிய சேலை ரத்தத்தில் ஊறியிருக்கிறதே, அதை அப்படியே ஆத்தாளுக்குச் சுற்றி விடுவீர்களா என்று இன்னொரு கூட்டம் கேட்டது. இரண்டும் நியாயமாகத்தான் பட்டது, அதனால்தான் சண்டை வலுத்தது. நடுவழி தேடியவர்கள் சுழிகளை எதிர்ப்பக்கமாக வளைத்துப் பார்த்தார்கள், எடை குறையவில்லை. மஞ்சளில் போட்டார்கள், பாலூற்றிக் கழுவி மறுபடி போட்டார்கள், பூசாரியை விட்டுப் போடச் சொன்னார்கள். இரண்டு சுழியோடு நிறுத்தினால் எடை இல்லை என்று கண்டுபிடித்து ஒரு படகை இறக்கினார்கள், அந்தப் படகு அலை தாண்டியதும் செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே வட்டம் போட ஆரம்பித்து, கயிறு வீசி இழுத்துவர அரை நாள் ஆயிற்று.

பஞ்சாயத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் அமிர்தலிங்கம். முச்சுழியைத் தொட்டவன் கையை எடுப்பேன் என்றான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தில்லைக்கரசி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ஓட்டை விழுந்த பிலிமை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒரு முறை அவனிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தாள். கடலில் போட்டாச்சு அண்ணி, நீங்க வாயைத் திறக்காம இருந்தா நம்ம குடும்பத்துக்கு நல்லது என்றான். அண்ணி என்ற சொல்லை அவன் அத்தனை மெதுவாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து தவிட்டுப் பானையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனாள். யாராவது தவிடு கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மாடு வைத்திருக்கிற வீட்டாரோடு பேசுவதை நிறுத்தினாள்.

மூன்றாவது வாரம் கஜேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தான். படகின் பின்பக்கம் கருங்கல் அடுக்கினால் மூக்குக்கு எடை சரியாகிவிடும், ஜேசிபி வைத்துத் தள்ளி இறக்கிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை காலையில் முச்சுழியோடேயே போகிறேன் என்றான். மூக்கில் இரண்டு முச்சுழி, அறுநூற்று ஆறு கிலோ, அதற்கு எதிராக இன்னொரு அறுநூறு கிலோ கல், கடைசியில் ஆளும் வலையும். முதல் அலைக்கு மேல் இரண்டாம் அலை வந்தால் அந்தப் படகு என்ன ஆகும் என்று குப்பத்தில் கேட்க வேண்டியதில்லை. தில்லைக்கரசி கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ராத்திரிச் சோறு ஆக்காமல் இருந்து பார்த்தாள். கடைசியில், துணியை நனைத்துக்கொண்டு நான் போய்த் துடைத்துவிடுகிறேன், ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்றாள்.

"நான் உசுரோட இருக்கையில நீ அதைத் தொடப்படாது" என்றான் கஜேந்திரன். "நம்ம மேல என்னா தப்பு? தப்பு பண்ணவன் பயப்படட்டும்."

அவள் தவிட்டுப் பானையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, தம்பி என்றால் உயிரை விடுகிற மனுஷன் என்று திரும்பிப் போனது. விடிந்தால் வியாழன், அதற்கு மறுநாள் வெள்ளி.

வியாழக்கிழமை காலையில் ஏலக்கூடத்தில் ஏலம் இல்லாவிட்டாலும் கூட்டம் இருந்தது, வேலையில்லாதவர்களுக்கு எடை மெஷின் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. நாட்டாரும் கஜேந்திரனும் அமிர்தலிங்கமும் இருந்தார்கள், ஓரமாகத் தில்லைக்கரசி உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தூக்குகளைத் திருப்பிக் கொடுக்க வந்த பூங்காவனம் அங்கே நின்றாள். அவள் உப்பளத்தெருக்காரி, முப்பது வயது இருக்கும், கூரைகள் எரிந்த இரவில் அவளுக்கு உப்பளத்து மோட்டார் கொட்டகையில் காவல் முறை, அதனால் பிழைத்தவள். இத்தனை நாளில் அவள் குப்பத்துக்காரர்கள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரோ ஒருவன் அட்டையில் சாக்பீசால் முச்சுழி போட்டான், முள் சுற்றி நின்றது, பூங்காவனம் கிட்டே போய் எண்ணைப் படித்தாள். அதற்குப் பிறகு ஏலக்கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"எங்க மாமனாரு அம்பத்தெட்டு. அத்தை நாப்பத்தாறு. எம் புருஷன் அறுபத்துமூணு. பக்கத்துக் குடிசை சொர்ணக்கா நாப்பத்தொண்ணு, அவுக வீட்டுக்காரரு அம்பத்திரண்டு, அவுக மக இருபத்தொம்பது. எம்புள்ள பதினாலு. வருசாவருசம் பாத்தி பூசை அன்னிக்கு உப்புத் தராசுல எல்லாரும் ஏறி எடை பாப்போம், வெளையாட்டுக்கு. நாந்தான் சுவத்துல கரியால எழுதி வைப்பேன். கூட்டிப் பாருங்க."

மாசிலாமணி விரல் விட்டுக் கூட்டினான். கூட்டிவிட்டு மறுபடி ஒருமுறை கூட்டினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

பூங்காவனம் அழவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறவளைப் போல எல்லப்பன் நாட்டாரைப் பார்த்து, ஆறு வருஷத்துக்கு முன்பு புயலடித்தபோது உங்கள் சனம் மூன்று நாள் எங்கள் தெருவில் தங்கியது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார் அவர். போகும்போது கதவுக்குக் கதவு இந்தக் குறியைப் போட்டுவிட்டு, இனி இது எங்கள் வீடு என்று சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டாள். 

"பழைய குறி மழையில போயிருச்சு. அன்னிக்குச் சாயங்காலம் பாத்தா கதவுல புதுசா இருக்கு. ஊரே எங்கள வெரட்டுதுன்னு மூட்டை கட்டி வச்சிருந்தோம். இதைப் பாத்துட்டு எங்க மாமனாரு, கரைக்காரங்க வந்து குறி போட்டுட்டுப் போயிட்டாங்க, இனிமே ஒண்ணும் வராது, மூட்டையப் பிரிங்கன்னாரு. பிரிச்சோம். நான் மோட்டாருக்குப் போனேன். அவுக கதவைச் சாத்திட்டுப் படுத்தாக."

குப்பத்தில் அலைச்சத்தம் கேட்காத நாளில்லை, ஆனால் அன்றைக்குக் கேட்டது போல் யாரும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தில்லைக்கரசி எழுந்து நின்றாள். எழுந்தபோது அவளுக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை, பயம்தான், இதற்குமேல் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தரைக்குள் இறங்கிவிடுவோம் என்ற பயம்.

"அந்த அச்சு நான் வெட்டினது" என்றாள். "கதவுக்குன்னு அமிர்தலிங்கம் சொன்னாரு. யார் கதவுக்குன்னு நான் கேக்கல."

சாட்சியைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுவா என்பது முறை. இந்தச் சாட்சியைக் கொண்டுவர முடியாது என்பதால் பஞ்சாயத்து சாட்சியிடம் போனது. நாட்டாரும் ஐந்து பஞ்சாயத்தாரும் பின்னால் பாதி ஊரும் கொல்லைப்புறமாக அவள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவள் தவிட்டுப் பானையை நகர்த்தி, சேலையை எடுத்தாள். தரைக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது பிலிம். குழியில் பட்ட வெளிச்சத்தில் மூன்று சுழிகளும், சுழிகளுக்குள் வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகளும், அதில் ஒடிந்து ஒட்டிய இரண்டும் தெரிந்தன. கஜேந்திரன் குனிந்து பார்த்தான். அவனுடைய கை தானாகப் போய் இடது விலாவைத் தொட்டது. நிமிர்ந்து பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, வாசல் பக்கம் நகரப் பார்த்த தம்பியையும் பார்க்கவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். அன்று மதியம் ஜீப் வந்து அமிர்தலிங்கத்தையும் இன்னும் நாலு பேரையும் ஏற்றிப் போனது, நாலு பேருமே குப்பத்துப் பிள்ளைகள்தான். வெளியூர்க்காரன் ஒருவன்கூட இல்லை.

குற்றவாளி பிடிபட்டால் எடை இறங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள், தில்லைக்கரசியும் நம்பினாள். வெள்ளிக்கிழமை விடியலில் ஓடிப்போய் மெஷினில் போட்டுப் பார்த்தார்கள். முந்நூற்று மூன்று. ஒரு கிராம் குறையவில்லை. கஜேந்திரன் கல் அடுக்கவும் இல்லை, ஜேசிபிக்குச் சொல்லவும் இல்லை, படகின் நிழலில் குந்தியிருந்தான்.

அப்போதுதான் எல்லப்பன் நாட்டார் தம் பரம்பரையில் ஒருவரும் செய்யாததைச் செய்தார். ஊர் விவகாரத்தில் தீர்ப்புக் கேட்டு ஊர்க்காரி அல்லாதவளிடம் போனார். புயல் கட்டடத்து வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, பூங்காவனத்தைப் பார்த்து, நீ சொல் ஆத்தா, தூணில் இருப்பதையும் செதுக்கி எடுத்துவிடுகிறோம், இனிமேல் இந்தக் கரையில் ஒரு முச்சுழி இருக்காது என்றார்.

"அது உங்க சாமி குறி. வையின்னு சொல்ல எனக்கு மனசு வரல, அதைப் பாத்தா எனக்குக் குலை நடுங்குது. ஆனா எடுத்துப்புட்டா எங்காளுக எங்க போவாக? எரிஞ்ச எடத்துல சாம்பக்கூட இல்ல, தண்ணி அடிச்சுக் கழுவிட்டாக. இப்ப அவுக இருக்கறது அந்த மெஷினு முள்ளுல மட்டுந்தான்."

இதை வைத்துக்கொண்டு என்ன தீர்ப்புச் சொல்வது? நாட்டார் திரும்பி வந்து மூன்று நாள் கழித்து, தூணில் இருப்பது இருக்கட்டும், அது இறங்குகிற மட்டும் இறங்கட்டும், கொடியில் போட்டவனுக்கு ஊரில் தண்ணீர் கிடையாது, கதவில் இருப்பது அவரவர் மனசு, படகில் இருப்பது போகட்டும் என்றார். கதவு விஷயத்தில் குப்பம் இரண்டாகப் பிரிந்தது. சிலர் துடைத்துவிட்டு முன்வாசலைத் திறந்துகொண்டார்கள், சிலர் துடைக்க மாட்டோம், நாங்கள் சுற்றிக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம் என்றார்கள், இன்றைக்கும் அந்த இரண்டு வகை வீட்டாரும் கல்யாணங்களில் தனித்தனிப் பந்தியில் உட்காருகிறார்கள். தில்லைக்கரசி இரண்டிலும் சேர்த்தியில்லை. அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதை இரண்டு வகையாரும் நிறுத்திவிட்டார்கள், ஒரு வகையார் அச்சு வெட்டியதற்காக, மற்ற வகையார் அதைச் சொன்னதற்காக.

சித்திரை பிறந்து நாலாம் நாள் படகுகள் கடலுக்குப் போயின. விடிகாலையில் ஐம்பத்திரண்டு பெண்கள் ஐம்பத்திரண்டு ஈரத்துணிகளோடு மணலில் இறங்கினார்கள். ஒப்பாரி வைக்கலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருத்தி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். துடைக்கத் துடைக்கப் படகுகள் மணலிலிருந்து மூக்கைத் தூக்கின. முச்சுழி இல்லாத படகில் ஏறியவன் செத்தவன், செத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, போய்விட்டு வா என்று சொல்லக்கூடாது, ஆகவே ஒருத்தியும் சொல்லவில்லை. கஜேந்திரன் தில்லைக்கரசியோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் துடைத்து முடிக்கும் வரை அவன் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான், துடைத்த இடத்தில் பெயிண்டு வெளிறி மூன்று சுழியின் நிழல் மட்டும் இருந்தது, அதை அவன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத் தாவி ஏறினான். எஞ்சின் சத்தத்தில் அவள் அவன் பேரைச் சொன்னாளா இல்லையா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

மதியத்துக்குமேல் காற்று மாறியது. ஒன்றும் இரண்டுமாகப் படகுகள் திரும்பத் தொடங்கின. ஒவ்வொரு படகும் கரை தட்டும்போது அதன் பெண் எழுந்து ஓடினாள், ஓடியவள் பேர் சொல்லிக் கத்தினாள், செத்தவன் இறங்கி வந்து தண்ணீர் கேட்டான். வெயில் இறங்க இறங்கக் கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் குறைந்தார்கள். நாற்பது, முப்பது, பன்னிரண்டு. தில்லைக்கரசி எண்ணக்கூடாது என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள், மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள், அவள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தொடுவானத்தில் புள்ளி எதுவும் இல்லை. தொண்டை காய்ந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தால் அந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

வடக்கேயிருந்து மணலில் யாரோ நடந்துவருவது தெரிந்தது. பூங்காவனம். கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. அவள் வந்து தில்லைக்கரசிக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு கை நீட்டினால் எட்டாத தூரத்தில், உட்கார்ந்தாள். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தில்லைக்கரசி எத்தனையோ நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், அதில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. பூங்காவனம்தான் முதலில் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரு எத்தனை கிலோ?"

தில்லைக்கரசி வாயைத் திறந்தாள். மார்பு நாற்பது, தோள் பதினேழரை, கை இருபத்து நாலு, கழுத்துப் பதினைந்தரை, இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குச் சட்டை தைத்தவள் அவள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எடை மட்டும் தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியாது" என்றாள்.

பூங்காவனம் தலையை ஆட்டிக்கொண்டாள். தூக்கைத் திறந்து, அதிலிருந்த தண்ணீரை மூடியில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வந்தாருன்னா மெஷினுல ஏத்தி நிறுத்திப் பாத்து வச்சுக்கங்க" என்றாள்.